கழுவிக் கழுவித் துருப்பிடித்த கார்

பழைய வண்டிகளை ரிப்பேர் செய்கிற தொழிலில் ஒரு கொடுமை உண்டு: ஓட வைக்கிறது நாம, ஓட்டிட்டுப் போறது வேற யாரோ. நகக்கண்ணில் கிரீஸ் ஊறிப்போன என் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

நான் பிளஸ் ஒன் பாதியில் ஸ்கூலை விட்டவள். படிப்பு ஏறவில்லை, அவ்வளவுதான். அதில் சோகக் கதை ஒன்றும் இல்லை. மரக்காணத்தில் அப்பாவின் ஒர்க்‌ஷாப். அவருக்கு முதுகு வலி, வண்டிக்கு அடியில் படுக்க முடியாது. அதனால் மேல்வேலை அவருக்கு, அடிவேலை எனக்கு. கஸ்டமர் யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதால் பாராட்டும் அவருக்கே. போகட்டும். இந்த வருஷம் ஒரு அம்பாசடர் வந்தது. அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமைக் குளியல்

கோட்டக்குப்பத்திலிருந்து மும்தாஜ் அக்கா ஃபோன் செய்தார். வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும்தான், ஆம்பளை மெக்கானிக் வேண்டாம், பொண்ணு வந்தால் நல்லது என்றார். போனேன். அக்காவின் வீட்டுக்காரர் இஸ்மாயில் பாய் முன்பு இந்த வண்டியில் வாடகைச் சவாரி ஓட்டியவர். சவாரி படுத்துப்போனதும் வண்டியைக் கொல்லையில் நிறுத்திவிட்டு சவுதிக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். நடுவில் லீவில் வந்தபோதெல்லாம் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதோடு சரி. இந்தப் பெருநாளுக்கு வருகிறாராம். "வண்டி ஓடுச்சுன்னா இங்கயே சவாரி ஓட்டிக்கிறேன், திரும்பிப் போவலன்னு சொல்லியிருக்காரும்மா. நாம இதுலயே ஏர்போர்ட் போய்க் கூட்டிட்டு வரணும்" என்றார் அக்கா. நோன்பு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

தார்ப்பாயை விலக்கினால் வண்டி கல்யாணப் பெண் மாதிரி மின்னுகிறது. இதில் என்ன கோளாறு என்று யோசித்துக்கொண்டே அடியில் புகுந்தேன். தரைத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் என் விரல் உள்ளே போய் மேலே விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தொட்டது. விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கொஞ்சம் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பளம் சூழ்ந்த மரக்காணத்துக்காரிக்கு இதைச் சொல்ல ஆள் வேண்டுமா? உப்பு.

"எந்தத் தண்ணியிலக்கா கழுவுறீங்க?"

"போர் தண்ணிதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அடியில எல்லாம் பைப் வெச்சு அடிச்சிடுவேன். ஒரு வாரம் தவறுனதில்ல."

கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் போட்ட போர்வெல். எனக்கு வாயில் எதுவும் தங்காது. "நீங்க கழுவாம விட்டிருந்தா வண்டி பொழைச்சிருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டேன். அக்கா தார்ப்பாயின் முனையை இழுத்து மடித்தார். பிறகு சொன்னார்: "அவரு ஃபோன்ல மொதல்ல கேக்கறதே 'வண்டிய கழுவுனியா'ன்னுதாம்மா. அப்புறந்தான் என்னை எப்படி இருக்கேன்னு கேப்பாரு."

கயிறு

வண்டியை மரக்காணம் கொண்டுவர மீன் லோடு அடிக்கும் ஏழுமலை அண்ணனின் குட்டி யானை வேனில் கயிறு கட்டி இழுத்தோம். அப்பா முன்னால் அண்ணனோடு உட்கார்ந்துகொண்டார். ஸ்டியரிங் பிடிக்க நான். எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஒர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டி ஒரு காரையும் நான் ஓட்டியதில்லை. கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, நானே ஓட்டுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். ஈசிஆரில் கடல் காத்து முகத்தில் அடித்தது. முன்னால் ஒரு கயிறு இருப்பதை மறக்கத்தான் பார்த்தேன்.

பொம்மையார்பாளையம் தாண்டியதும் கயிறே என்னை மறந்துவிட்டது. அறுந்தது. வண்டி ஓரமாக உருண்டு தானாக நின்றது. நான் கத்தினேன். குட்டி யானை பாட்டுப் போட்டுக்கொண்டு போயே போய்விட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து என்னையும் காரையும் சுற்றிப் பார்த்தார்கள். கூனிமேடு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்த ஏழுமலை அண்ணன் இறங்கும்போதே சிரித்தார்: "நான்கூட வண்டி என்னமா இழுக்குதுடா, போன வாரம் பார்த்த சர்வீஸ் வேலை செய்யுதுன்னு சந்தோஷமா போயிட்டிருந்தேம்மா!"

கேன் தண்ணி

தரைத் தகடு முழுக்கப் புதிதாக வெல்டிங் வைத்தோம். பெட்ரோல் டேங்கைக் கழுவினால் செம்மண் குழம்பு மாதிரி வந்தது. என்ஜின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கிடந்தது. பிளக்கைக் கழட்டி ஆயில் ஊற்றி ஊறவிட்டோம். நான் வேளைக்கு ஒருமுறை முன்னால் ஹேண்டிலைப் போட்டுத் திருகிப் பார்ப்பேன், அப்பா திட்டுவார். ஒருநாள் அது அசைந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பங்க்சர் கடைக்காரர் ஓடி வந்தார்.

ரேடியேட்டரில்தான் சிக்கல். பாய் சவுதி போன பிறகு அக்கா அதையும் போர் தண்ணியால் நிரப்பி வைத்திருக்கிறார், வண்டிக்குத் தாகம் எடுக்குமாம். உள்ளே உப்பு கட்டி கட்டியாக அடைத்திருந்தது. அலசுவதற்கு எங்கள் ஊர்த் தண்ணியும் உதவாது. கேன் தண்ணி வாங்கி வந்து அப்பா ஊற்ற ஊற்ற நான் கீழே திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா உப்பளத்திலிருந்து வந்தார். காலெல்லாம் வெடித்து, முக்காடு வெயிலில் வெளுத்து. காலி கேன்களைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "ஏன்யா, நாள் பூரா உப்புல நிக்கறவளுக்கு ஒரு நாளாவது கேன் தண்ணி வாங்கியாந்திருப்பியா? அந்தக் காருக்கு என்ன, வளைகாப்பா?"

அந்தச் சத்தம்

பெருநாளுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அக்கா பஸ் பிடித்து மரக்காணத்துக்கே வந்துவிட்டார். நோன்போடு, வெயிலில். முதல் தடவை ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டாவது தடவை இருமியது. எனக்குப் பொறுமை போய், எட்டி ஒரு உதை விட்டேன் பம்பருக்கு. அப்பா முறைத்துக்கொண்டே திரும்பச் சாவியைத் திருக, ஒரு பெரும் புகையைக் கக்கிவிட்டு வண்டி பிடித்துக்கொண்டது. மொத்த ஒர்க்‌ஷாப்பும் கறுப்பு.

அக்கா இருமவும் இல்லை, நகரவும் இல்லை. பானட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அணைக்கட்டுமா என்று அப்பா சைகையில் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு என் காதருகே குனிந்து சொன்னார்: "இதே சத்தந்தான். தெரு முனையில இது கேக்கும்போதே நான் அடுப்புலேருந்து சோத்தை எறக்கிடுவேன்."

வாசலில்

கிளம்ப வேண்டிய அன்று காலை அப்பாவும் நானும் வண்டியோடு கோட்டக்குப்பம் போனோம். ஏர்போர்ட்டுக்கு நானும் போகலாம் என்று அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். நான் நல்ல சுடிதார் போட்டிருந்தேன். அக்கா கதவைத் திறந்தவுடனேயே தெரிந்துவிட்டது. பாயின் முதலாளி டிராயரில் பூட்டி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லையாம். ஆள் குறைவு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். சேதி ராத்திரியே வந்திருக்கிறது.

எனக்கு ஆத்திரம். யார் மேல் என்று தெரியாமல் கார் கதவை ஓங்கிச் சாத்தினேன். அப்பா சாவியை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. உள்ளே போய் புர்கா போட்டுக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். "ஏர்போர்ட்டுக்கே போங்கண்ணே."

"அவருதான் வரலியேம்மா" என்றார் அப்பா.

"பரவால்ல. ஒவ்வொரு தடவையும் பொம்பளைங்க வந்தா அழுவாங்கன்னு என்னை வீட்லயே வுட்டுட்டுப் போயிடுவாரு. அந்த எடம் எப்படி இருக்குன்னே எனக்குத் தெரியாது."

போனோம். வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எனக்கு ஏனோ அது நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. மீனம்பாக்கத்தில் ஆள் வெளியே வரும் வாசலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றார். கயிறு சுற்றிய அட்டைப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு யார் யாரோ வந்தார்கள். குழந்தைகள் கம்பிக்கு அடியில் புகுந்து ஓடின. ஒவ்வொரு முகத்தையும் அக்கா கடைசி வரை பார்த்தார், ஒருவேளை இருக்குமோ என்கிற மாதிரி. கூட்டம் வடிந்ததும் ஃபோனை எடுத்துப் பாயைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அக்கா அழவில்லை. "கழுவல. இனிமே கழுவவும் மாட்டேன். வண்டி ஏர்போர்ட் வாசல்ல நிக்குது, நானும் வந்து நிக்கறேன். நீங்க எங்கங்க இருக்கீங்க?"

எப்பேர்ப்பட்ட துருவில் பிடித்துக்கிடக்கும் போல்ட்டையும் நாங்கள் கழட்டிவிடுவோம், யாரோ ஒரு முதலாளியின் மேஜை டிராயரைத் திறக்கிற ஸ்பேனர் மட்டும் எங்கள் பெட்டியில் இல்லை.