மைமூனாவின் வீட்டில் ஓர் அந்நிய ஆண்

மீராசாஹிபு எல்லாவற்றையும் மறந்தார். வயலுக்குப் போகும் பாதையை மறந்தார், சேர்ட்டின் பொத்தானைப் போட மறந்தார், தொழுகையில் பாதியில் நின்று சுவரைப் பார்த்தார். முனவ்வறாவை மட்டும் மறக்கவில்லை. அதுதான் மைமூனாவுக்குப் பொறுக்கவில்லை.

முனவ்வறா அவருடைய முதல் மனைவி. சுனாமியில் கரையோர வீட்டோடு போனவள். மைமூனாவின் முதல் கணவன் அதற்கு வெகுகாலம் முன்பே, வயலுக்குப் போன வழியில் சுடப்பட்டு இறந்திருந்தான். யார் சுட்டார்கள், ஏன் சுட்டார்கள் என்று ஒரு விசாரணையும் இன்றுவரை நடக்கவில்லை. சுனாமி முகாமில் பெரியவர்கள் கூடி, உடைந்த இரண்டு குடும்பங்களையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் அவள் வீட்டுக்கு வாழப் போவான். அப்படியே மீராசாஹிபு இரண்டு சாரன்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு கல்முனையிலிருந்த மைமூனாவின் வீட்டுக்கு வந்தார். யுத்தம் முடிந்ததும் காடாகிக் கிடந்த தன் வயலைத் திருத்தி விதைத்தார். அவளையும் அவளுடைய மகனையும் ஒரு குறையும் இல்லாமல் பார்த்தார். மகன் இப்போது சம்மாந்துறையில், பெண்சாதியின் வீட்டில்.

நல்ல மனிதர்தான். ஆனால் சோற்றில் கைவைத்ததும், "முனவ்வறா கத்தரிக்காயப் பொரிச்சிப் போட்டுத்தான் ஆக்குவா" என்பார். முனவ்வறாவுக்கு வயது ஏறவில்லை. மைமூனாவுக்குப் பல் விழுந்தது, முழங்கால் வீங்கியது. முனவ்வறாவின் படம் ஒன்று கிடைத்திருந்தால் ஒருவருக்கும் தெரியாமலாவது கிழித்திருப்பாள். படங்களையும் கடல் கொண்டுபோயிருந்தது. முகமே தெரியாதவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

மறதி நோய் என்று டொக்டர் சொன்னார். ஜின் என்று அயலவர்கள் சொன்னார்கள், நூல் கட்டச் சொன்னார்கள். ஜின்னுக்கு மனித மூளையோடு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நோயோடும் நாட்கள் ஓடத்தான் செய்தன. அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போவார். முகைதீன்பாவாவின் தேத்தண்ணிக் கடையில் குந்துவார். பிறகு கடற்கரையில், அலை மிச்சம் வைத்த முனவ்வறாவின் வீட்டு அத்திவாரத்தில் போய் இருப்பார். யாராவது கூட்டிவந்து விடுவார்கள். காலுக்குப் பழகிய அந்தச் சுற்றுத்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. மைமூனாவுக்கு அந்த அத்திவாரத்தைக் கண்டாலும் எரிச்சல்தான். "கல்லோட என்ன அப்பிடிக் கதை?" என்று கேட்பாள்.

கொரோனா வந்தது. பள்ளியைப் பூட்டினார்கள், கடையைப் பூட்டினார்கள், கடற்கரையையும் பூட்டினார்கள். எல்லோரும் அவரவர் வீட்டில் இருங்கள் என்றார்கள். எது தன் வீடு என்று தெரியாத மனிதன் எங்கே போய் இருப்பான் என்று, சட்டம் போட்டவர்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

அடைபட்ட மீராசாஹிபு கிடுகிடுவென்று சரிந்தார். ஒரு காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்வாசலில் வந்து குந்தினார். மைமூனா தேத்தண்ணி கொண்டுபோனபோது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"தங்கச்சி, இந்த ஊட்டுல ஆம்புளயள் ஒருத்தரும் இல்லையா?"

"ஏன், நீங்க இரிக்கிங்கதானே."

"அதுதான் பிழ. அந்நிய ஆம்புளயும் பொம்புளயும் தனிய ஒரு ஊட்டுல இரிக்கப்படா. நான் என்ட ஊட்ட போறன். முனவ்வறா தேடுவா."

படலையைத் திறந்துகொண்டு போனார். சந்தியில் நின்ற சிப்பாய் ஒருவன் பிடித்துக்கொண்டு வந்தான்.

"ஐயா, இது உங்க வீடா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

"இல்ல. இது மைமூனாட ஊடு."

அதில் பொய் இல்லை. வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயரில்தான் இருந்தது. சிப்பாய் மைமூனாவை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனான்.

அதன்பிறகு அவர் உள்ளே வர மறுத்தார். ஆண் துணையில்லாத பெண்ணின் வீட்டில் சாப்பிடுவது முறையில்லை என்று தட்டைத் தள்ளினார். சாரன் நனைந்தபோது மாற்றப் போனவளின் கையைத் தட்டிவிட்டார்.

"தொடாதங்க! உங்கட மாப்பிள்ள கண்டா என்ன நினைப்பாரு?"

"நீங்கதான் என்ட மாப்பிள்ள!"

"அஸ்தஃபிருல்லாஹ்! எனக்குப் பொஞ்சாதி இரிக்கா."

"எங்க இரிக்கா? கூப்புடுங்க பாப்பம்! அவ வந்து உங்கட சாரனக் கழுவட்டும்!"

அவர் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். மைமூனா குசினிக்குள் போய் அரிசி களையும் அரிக்கன் சட்டியைப் போட்டு உடைத்தாள். மனிதர் கெட்டு நடந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இவர் ஒழுக்கமாக நடந்தார். அந்த ஒழுக்கமெல்லாம் முனவ்வறாவுக்காக. பட்டினி கிடந்து காக்கும் அளவு விசுவாசத்தில் ஒரு பிடிகூட இவளுக்கு இல்லை.

சீனி வியாதிக்காரர். சாப்பாடில்லாமல் கண் உள்ளே போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் பயம். கொரோனா என்று முடிவு வந்து மௌத்தாகிவிட்டால் ஜனாஸாவை அடக்கவிடாமல் எரித்துவிடுவார்கள். உலகமெல்லாம் புதைத்துக்கொண்டிருந்தது, இங்கே மட்டும், நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று ஓர் ஆதாரமும் இல்லாத கதையைச் சட்டமாக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பயத்தில் எத்தனையோ பேர் இருமலையே மறைத்தார்கள்.

யோசித்து யோசித்து மைமூனா ஒரு வழி கண்டாள். ஒரு தாயின் பாலைக் குடித்த இரண்டு பிள்ளைகள் கூடப்பிறந்தவர்களுக்குச் சமம். அவர்களுக்குள் கல்யாணம் இல்லை, ஆகவே மறைப்பும் இல்லை, தனியே ஒரு வீட்டில் இருக்கலாம். கல்யாணம் பேசும் எந்த வீட்டிலும் முதலில் விசாரிப்பது அதைத்தான். அவள் தன் அண்ணன் மஜீட் காக்காவுக்குப் போனில் கோல் எடுத்தாள்.

"காக்கா, நான் அவருக்கிட்ட பால்குடித் தங்கச்சி எண்டு செல்லப்போறன்."

"உனக்கென்ன விசரா? மாப்பிள்ளைக்குத் தங்கச்சியாகிறதா? மறுகா நிக்காஹ் என்ன ஆகும்? பொறு, மௌலவிக்கிட்ட கேட்டுச் செல்றன். அவர் கிதாபு பாக்கணும்."

"அவருக்கு நிக்காஹே ஞாபகமில்ல காக்கா. நீங்க கிதாபு பாத்து முடிக்கிறதுக்குள்ள மனிசன் மௌத்தாகிருவாரு."

போனை வைத்துவிட்டாள். அவள் கலங்கியது நிக்காஹ்வுக்காக அல்ல. பெண்சாதி என்ற உரிமை இருந்தபடியால்தான் இவ்வளவு காலமும் முனவ்வறாவோடு மல்லுக்கட்ட முடிந்தது. தங்கச்சிக்கு அது இல்லை. தங்கச்சியானால் மனிதரை முழுசாக முனவ்வறாவுக்கே விட்டுக்கொடுக்க வேண்டும். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சோறு ஆறும்வரை குசினிக்குள்ளேயே நின்றாள். அவளுக்குப் போட்டி பெரிதுதான். ஆனால் வாசலில் பசியோடு கிடந்தது அவளுடைய மனிதர்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

"காக்கா, என்னைத் தெரியலியா? உங்கட உம்மா காய்ச்சலோட கிடக்கக்குள்ள ஆருட பாலக் குடிச்சிங்க? என்ட உம்மாட பாலயும் குடிச்சிப்போட்டு மறந்திட்டிங்களே!"

முகம் மெதுவாகத் திரும்பியது.

"ஆரு? பால்குடித் தங்கச்சியா?"

"ஓம்."

"இத முதல்லயே செல்லப்படாதா கா? நான் எவ்வளவு வெக்கப்பட்டுப்போனன்!" என்று சிரித்தார். அவள் கையைப் பிடித்து எழும்பினார். கழுவ விட்டார், சாரனை மாற்ற விட்டார். தட்டின் முன்னால் குந்தி, மைமூனா முள் எடுத்துக் கொடுத்த மீனை அள்ளிச் சாப்பிட்டார். பாதியில் நிமிர்ந்தார்.

"உன்ட மாப்பிள்ள எங்க?"

"ஊரடங்குல மாட்டிக்கிட்டாரு."

"நல்ல மனிசனா?"

"நல்லவர்தான். மனசு மட்டும் மூத்த பொஞ்சாதியோட."

மீராசாஹிபுவின் கை சோற்றில் நின்றது. முகம் சிவந்தது.

"உன்னப்போல ஒருத்திய வெச்சிக்கிட்டா? வரட்டும் அவன். நான் கதைக்கன் அவனோட."

"கட்டாயம் கதைங்க காக்கா" என்று மைமூனா இன்னொரு துண்டு மீனை வைத்தாள். "நல்லா உறைக்கக் கதைங்க."