துக்கம் விசாரிக்க ஒரு ரயில் பாஸ்

போன ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, ஜெசிந்தா அக்கா பையோடு வாசலில் நின்றார். ஸ்டேஷனிலிருந்து நேரே வந்திருக்கிறார். "வந்திட்டன் தம்பி" என்றார். கதிரையில் இருந்ததும் அழத் தொடங்கிவிட்டார்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்கா மன்னார்க்காரி. இங்கே இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்து மொண்டெல்லோவில், ஒரு சிஞ்ஞோரா வீட்டில், அதாவது ஒரு இத்தாலிய அம்மா வீட்டில், வேலை. போன மாதம் ஊரில் அவருடைய அப்பா இறந்துவிட்டார். சண்டையில் பாதை பூட்டு. செய்தி கொழும்பு சுற்றி பலெர்மோவுக்கு வருவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது.

பிள்ளைகள் நால்வரும் நாலு நாட்டில். ஜெர்மனியிலுள்ள தம்பிக்கு அகதி வழக்கு முடியவில்லை, மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. பாரிஸ் தம்பிக்கு விசாவே இல்லை. சுவிஸிலுள்ள தங்கைக்கும் வழக்கு. வதிவிட அனுமதி — எங்கள் பாஷையில் பெர்மெஸ்ஸோ — இருப்பது மூத்தவர் ஜெசிந்தா அக்காவிடம் மட்டும்தான்.

"செத்த வீடெண்டால் கூடப்பிறந்ததுகள் கட்டிப் பிடிச்சு அழவேணும். அதுகளால வரேலாது. நான் போறன். ஒரே டிக்கெட்டில எல்லா நாட்டுக்கும் போகலாமாம்... உண்மையே தம்பி?"

உண்மைதான். முதுகில் பை மாட்டிக்கொண்டு கோடையில் ஊர் சுற்றும் மாணவர்கள் வாங்குவது. பெரியவர்களுக்கும் உண்டு. குசினி மேசையில் ஐரோப்பா வரைபடத்தை விரித்தோம். நாங்கள் வசிக்கும் நாடென்பதால் பாஸ் இத்தாலிக்குள் செல்லாது, அதற்குத் தனி டிக்கெட். அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் படத்தின் நடுவில் குந்தியிருந்தது — சுவிஸ்! மற்ற நாடுகளுக்கு பெர்மெஸ்ஸோ போதும், சுவிஸுக்குத் தனி விசா. கேட்டோம். மறுத்துவிட்டார்கள்.

"பாஸில சுவிஸ் எண்டு போட்டிருக்குத்தானே?"

"ரயில் உங்களை ஏத்தும் அக்கா. நாடு இறங்க விடாது."

ஐரோப்பாவில் எல்லைகளை எடுத்துவிட்டார்கள் என்று டி.வி.யில் சொல்கிறார்கள். யாருக்கு எடுத்தார்கள்?

சுவிஸைச் சுற்றி வளைத்து வழி போட்டோம். ஆஸ்திரியா வழியாக ஜெர்மனி, பிறகு பாரிஸ், அங்கிருந்து தூரின் வழியாகத் திரும்புவது. ஸ்டேஷனில் பாஸ் கொடுத்தவர், கறுப்பு உடுப்பில் நின்ற அக்காவிடம், "விடுமுறையைச் சந்தோஷமாகக் கழியுங்கள்!" என்றார். அக்கா "கிராட்சியே" என்று நன்றி சொன்னார். வேறு என்ன சொல்ல?

ஜெர்மனித் தம்பி முகாம் அறைச் சுவரில் அப்பாவின் படத்தை ஒட்டி, முன்னால் மெழுகுதிரி வைத்திருந்தானாம். அக்காவைக் கண்டதும் கேட்டானாம்: "அப்பா கடைசியா என்னைக் கேட்டவரோ?" அக்காவுக்கு என்ன தெரியும்? "ஓம், கேட்டவர்" என்றிருக்கிறார்.

பாரிஸ் தம்பிக்கு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவும் வேலை. லீவு கேட்டால் வேலை போய்விடும். பின்கதவில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று இருவரும் கட்டிப் பிடித்து அழுதார்கள். உள்ளேயிருந்து யாரோ சத்தம் போட, முகத்தை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

மிச்சம் தங்கை.

அக்கா மிலானில் இறங்கி கோமோவுக்குப் போனார். அதுதான் இத்தாலியின் விளிம்பு. அடுத்த ஸ்டேஷன் கியாஸ்ஸோ, அது சுவிஸ். ரயிலில் சில நிமிடம். தங்கை சூரிச்சிலிருந்து கியாஸ்ஸோவுக்கு வந்து, தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் காத்திருந்தாள். அக்கா கோமோ ஸ்டேஷன் பூத்திலிருந்து ஃபோன் எடுத்தார். இரண்டு பக்கமும் அழுகைதான், கதையில்லை. ஃபோன் கார்டில் காசு முடியும்வரை அழுதார்கள்.

நான் மெல்லக் கேட்டேன்: "ஃபோனிலதான் கதைக்கிறதெண்டால் இஞ்சையிருந்தே எடுத்திருக்கலாமே அக்கா?"

அக்கா கண்ணைத் துடைத்தார்.

"ஓம், எடுத்திருக்கலாம். ஆனா அவள் சொன்னாள், 'அக்கா, இஞ்சை நல்ல மழை' எண்டு. நான் நிண்ட இடத்திலயும் அதே மழைதான் தம்பி."