திரைக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள்

எங்கள் லாரி ஆபீஸில் போன் எடுப்பவள் நான். எவன் டயர் வெடித்து நிற்கிறான், எவன் தூங்கிவிட்டு டயர் வெடித்தது என்கிறான் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என் காதிலேயே பூ சுற்றியவன் நெட்டை. கேபினில் படுத்தால் அவனுக்குக் கால் நீட்ட இடம் இருக்காது, அதனால் அந்தப் பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பான்.

மனைவி காய்ச்சலில் போனபோது அவனுக்கு ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பெண். மச்சினிச்சி கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு, "எனக்கும் குடும்பம் இருக்கு மாமா" என்று பிள்ளைகளின் பைகளை வாசலில் எடுத்து வைத்துவிட்டாள். அவளையும் சொல்லிக் குற்றமில்லை. இவனுக்கோ வண்டி ஓட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. கிளம்பினால் வீடு திரும்ப ஒரு வாரம் ஆகும். டிரைவரைத் தவிர யார் வண்டியில் ஏறினாலும் வேலை காலி என்பது முதலாளியின் சட்டம். வேலை போனால் பிள்ளைகளை அநாதை விடுதியில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு. பாவி மனுஷன், இரண்டையும் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் ஏற்றித் திரையை இழுத்துவிட்டான்.

எல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு விளையாட்டு கற்றுக் கொடுத்திருக்கிறான். வண்டி நின்று அவன் "கல்லு" என்று சொன்னால் இரண்டும் கல்லாகிவிட வேண்டும். இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. வெளியே இருக்கும்போது நம் கம்பெனி வண்டியைப் பார்த்தால் ஒளிந்துகொள்ள வேண்டும். முதலாளி பார்த்தால் அப்பாவுக்கு வேலை போய்விடும். பெரியவள் இதில் கெட்டிக்காரி. லோடு இறக்கும் இடத்தில் வாட்ச்மேன் கேபினுக்குள் தலையை நீட்டியபோதுகூட அவள் தங்கையின் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சை அடக்கிப் படுத்திருந்தாளாம். வெயிலில் கொதிக்கிற கேபினில் அப்படியே ஊர் ஊராகப் போனார்கள்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கம்பியால் டயர்களைத் தட்டிக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கக் கதவு வழியாகப் பெரியவள் இறங்கிக் கழிப்பறைக்குப் போனது அவனுக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து எங்கள் இன்னொரு வண்டி உள்ளே நுழைந்தது. அதை ஓட்டுகிறவன் பாட்டுக்காரன். ஊருக்கே கேட்கிற மாதிரி பாடிக்கொண்டு ஓட்டுவான். அவனைப் பார்த்ததும் நெட்டை கையிலிருந்த கம்பியைக் கீழே போட்டான். தாவி ஏறி, "கல்லு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். பின்னால் சத்தமே இல்லை. என்ன சமத்துப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டானாம்.

வெகுதூரம் போய் ஒரு மரத்தடியில் நிறுத்தித் திரையை விலக்கினால் சின்னவள் மட்டும் படுத்திருக்கிறாள்.

"அக்கா எங்கடா கண்ணு?"

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினான், அதட்டினான். கடைசியில் அவன் காதருகில் வந்து, "கல்லு பேசாதுப்பா" என்றாளாம்.

அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

"அக்கா, என் பொண்ணைக் காணோம்க்கா."

"வீட்டுல இருக்கிற பொண்ணு எங்கப்பா போயிடுவா?"

"வண்டியில இருந்தாக்கா. பங்குல விட்டுட்டேன்க்கா."

எதிர் நாற்காலியில் முதலாளி. போன் ஸ்பீக்கரில். நான் என்னத்தை மறைப்பது! அவர் முகம் கறுத்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நெட்டை அவ்வளவு நீள வண்டியை அந்த ரோட்டில் நினைத்த இடத்தில் திருப்ப முடியாது. பாட்டுக்காரனைக் கூப்பிட்டேன். நல்லவேளை, இன்னும் பங்கிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தட்டைத் தூக்கிப் போட்டுட்டு எந்திரிடா, சனியனே! ஒரு பொம்பளப் புள்ள, ஆறு வயசு, தேடு!"

அவனும் விழுந்தடித்துக்கொண்டு தேடினான். பங்கில் இருந்தவர்கள் எல்லோரும் தேடினார்கள். கழிப்பறையில் இல்லை, கடையில் இல்லை. பின்னால் ஒரு கிணறு இருக்கிறது என்று அவன் சொன்னான். நெட்டை மறுபடி மறுபடி கூப்பிட்டான். "கிடைச்சாளாக்கா? கிடைச்சாளாக்கா?" வேறு வார்த்தை இல்லை. தேடுகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். கிணறு என்ற வார்த்தையை விழுங்கிவிட்டேன்.

கடைசியில் நெட்டையே பங்குக்குத் திரும்பி வந்துதான் கண்டுபிடித்தான். காற்றடிக்கிற கொட்டகைக்குப் பின்னால், பழைய டயர்களுக்குள் சுருண்டு கிடந்தாள். பாவாடையெல்லாம் நனைந்திருந்தது. பாட்டுக்காரன் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. அவன் நம் கம்பெனிக்காரன் அல்லவா? அவன் கத்தக் கத்த அவள் உள்ளே உள்ளே போயிருக்கிறாள்.

சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, இரண்டு பிள்ளைகளோடும் நெட்டை ஆபீஸுக்கு வந்தான். முதலாளி கெட்டவர் இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு, "நாளைக்கு ரோட்டுல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த ரெண்டும் என்னப்பா ஆகும்? என்னால முடியாது. சாவியை வச்சிட்டுப் போ" என்றார்.

"இந்தப் பச்சப் புள்ளைங்களை வச்சிக்கிட்டு அவன் எங்க சார் போவான்?" என்று கத்திவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

நெட்டை சாவியை மேசையில் வைத்தான். அத்தனை பெரிய உடம்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. மனைவி செத்தபோதுகூட அழாதவன், ஓவென்று வாய்விட்டு அழுதான். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் நின்ற பெரியவள் ஓடிப்போய் அவன் மடியில் ஏறினாள். இரண்டு கையாலும் அவன் வாயை இறுக்கிப் பொத்தினாள்.

"சத்தம் போடாதப்பா," என்றாள் கிசுகிசுப்பாக. "முதலாளி இருக்காரு."