மாரப்பன் கட்டிய மணிக்கயிறு

சபையாரே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகப் பிராணி. சாட்சி சொல்லும்படி போதகர் கேட்டபோதுகூட, இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்கிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். என் மனைவி ரூத் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள், பாருங்கள். நான் குழம்பை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

யுத்தம் தொடங்கி இரண்டாவது கிறிஸ்துமஸ். அதற்கு ஒரு வாரம் முன்னால் பெங்களூர் கண்டோன்மென்டில் நடந்த பந்தயக் குத்துச்சண்டையில் நான் விழுந்தேன். தாடைக்குக் கீழிருந்து வந்த குத்து. அது வந்ததையே நான் பார்க்கவில்லை. விழும்போது பின்மண்டை மூலைக் கம்பத்தில் மோதியது. ரயிலில் மைசூர் வந்து சேரும்போது இடது கண்ணில் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன். பார்வை திரும்பியது. ஆனால் டாக்டர் முகம் தெளியவில்லை.

"இன்னொரு தடவ இப்படி விழுந்தா இந்தக் கண்ணு போயிடும். அப்புறம் என்கிட்ட வராதே" என்றார்.

ஈஸ்டர் கழிந்த திங்களன்று மைசூரிலேயே அடுத்த சண்டைக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தேன். பின்வாங்கினால் அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். எனக்கு வேறு தொழிலும் தெரியாது. ரூத் அப்போது நாலு மாசம். பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தை இரண்டு கண்ணாலும் பார்ப்பேனா என்ற பயத்தில் ராத்திரியெல்லாம் வலது கண்ணை மூடி மூடி விளக்கைப் பார்த்தேன். சாப்பாடு இறங்கவில்லை.

எனக்குப் பயிற்சியில் எதிரே நிற்பவன் மாரப்பன். கொள்ளேகால் பக்கத்துக்காரன், என் வயசுதான், மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டே குத்துச்சண்டை பழகியவன். கயிறு தாண்டலாம், மணல் மூட்டையைக் குத்தலாம். ஆனால் மூட்டை திருப்பி அடிக்காது. எதிரே ஒருத்தன் நின்று அடித்தால்தான் கை எங்கே போகிறது, கால் எங்கே நிற்கிறது என்பது புரியும். மாரப்பன் திருப்பி அடித்தான். என்னவோ, எப்போதும் ஒரே இடத்தில். நான் வலது கையை ஓங்கும் ஒவ்வொரு முறையும் தாடைக்குக் கீழே மெதுவாக ஒரு தட்டு.

எனக்குச் சுருக்கென்றது. பெங்களூரில் விழுந்ததும் அதே இடத்துக் குத்தில்தானே? இவனுக்கு மட்டும் அந்த இடம் எப்படித் தெரியும்? அதே வாரம் சந்தை வாசலில் பார்த்தேன். அடுத்து என்னோடு மோதப்போகும் சிப்பாயின் கையாளோடு நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தான் மாரப்பன். ஆஹா, விஷயம் இப்படிப் போகிறதா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போய்த் திரும்பியவன், ஒரு கறுப்புக் கயிறு கொண்டுவந்தான். அதில் மாட்டுக் கழுத்து மணிகள் ஆறு. நாங்கள் பழகும் கொட்டகையில், நான் நிற்கும் இடத்துக்கு எதிரே, தாடை உயரத்தில் குறுக்காகக் கட்டினான்.

"இது எதுக்கு?"

"கயித்துக்கு மேலாப்புல கையை மட்டும் உட்டுக் குத்துப்பா. தல குனிஞ்சா மணியடிக்கும்."

"நான் எங்க குனியறேன்?"

"குனியறயப்பா. எத்தன தடவ சொல்றது?"

நான் நம்பவில்லை. கறுப்புக் கயிறு, மலையிலிருந்து வந்தது, என் கழுத்துக்கு நேராகக் கட்டியது. செய்வினை என்றே முடிவு கட்டினேன். அவன் போனதும் அறுத்துக் குப்பையில் வீசினேன். மறுநாளிலிருந்து கொட்டகைப் பக்கமே போகவில்லை. ரூத் கேட்டாள்.

"சும்னே, ஒரு காரணமும் இல்லாம, அந்த மனுஷன் மேல ஏன் பழி போடுறீங்க? உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சாரு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு" என்று கத்தினேன். பிறகு முழங்காலில் நின்றேன். ஈஸ்டருக்கு முந்தின அந்த லெந்து நோன்பு நாட்களில் தினமும் ஒரே ஜெபம். ஆண்டவரே, என்னைக் காட்டிக்கொடுக்கிறவன் யார் என்று காட்டும். அவனை என் கண்முன் நிறுத்தும். ஒழுங்காகப் பார்த்தால் அது ஜெபமே இல்லை, புகார். ஆனாலும் அவர் கேட்டார்.

சண்டைக்கு இன்னும் மூன்று வாரம். இதோ, நம் கோயில் காம்பவுண்டில்தான் விடிந்ததும் தனியாகப் பழகிக்கொண்டிருந்தேன். பண்டிகைக்காக முந்தின நாள்தான் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். முதுகுப் பக்கம் சூரியன் ஏறியது. எதிரே வெள்ளை மதிலில் என் நிழல் விழுந்தது. இடது கையை நீட்டினேன், நிழல் சரியாக நின்றது. வலது கையை ஓங்கினேன். நிழலின் தலை குனிந்தது. கை அப்புறம்தான் புறப்பட்டது.

திரும்பச் செய்தேன். திரும்பக் குனிந்தது. பத்துத் தடவையும் பத்துக் கும்பிடு.

ஐயோ! பத்து வயதிலிருந்து நான் கரடி மனை என்கிற குஸ்திக்கூடத்தில் பழகியவன். பிடி போடுமுன் குனிந்து செம்மண்ணைத் தொட்டு நெற்றியில் வைப்போம், அப்படியே தலையை எதிராளியின் தோளில் முட்டுக்கொடுத்து இறங்குவோம். குஸ்தியை விட்டுக் குத்துச்சண்டைக்கு வந்துவிட்டேன், உடம்பு மட்டும் அந்தக் கும்பிடை விடவில்லை. அடிக்குமுன் தலையைக் குனிந்து தாடையை நானே நீட்டிக்கொடுத்திருக்கிறேன். துரோகியைக் காட்டும் என்று கேட்டேன், மதில் மேல் நிறுத்திக் காட்டிவிட்டார். மண்ணில் உட்கார்ந்து அழுதேன்.

அழுகை அடங்கியதும் வண்டிப்பேட்டைக்கு ஓடினேன். மாரப்பன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"மாரப்பா, நான் குனியறேன்" என்றேன்.

"இப்பத்தான் தெரியுதாக்கும்? நான் சொன்னப்ப 'நான் எங்க குனியறேன்'னு கேட்டவனாச்சே நீயி."

"அந்தச் சிப்பாயோட ஆள்கிட்ட என்ன பேசின?"

"அந்தக் குட்டைச் சிப்பாய் எப்படிக் குத்துவான்னு கேட்டேன். கீழ இருந்துதான் வருவானாம். அதுக்குத்தானப்பா அந்தக் கயிறு."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கயிற்றை அறுத்து எறிந்துவிட்டேன் என்றேன். அவன் வண்டியின் வைக்கோலுக்குள் கையை விட்டு எடுத்தான். ஆறு மணியும் இருந்தன. குப்பையிலிருந்து பொறுக்கி, கழுவி, அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். செத்துப்போன தன் காளையின் கழுத்து மணிகளாம். மலைக்குப் போனபோது வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறான். நானோ அதைச் சூனியம் என்றேன்.

கயிற்றைத் திரும்பக் கட்டிய முதல் நாள் மணி அடித்த அடியில், வண்டி வருகிறதென்று அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது வாரம் எப்போதாவது ஒரு கிணுக். கடைசி வாரம் சத்தமே இல்லை.

சண்டை நாள் வந்தது. நாலாவது சுற்றில் அந்தக் குத்து கீழிருந்து வந்தது. இந்தத் தடவை நான் அதைப் பார்த்தேன், ஸ்தோத்திரம்! என் தலை நிமிர்ந்தே இருந்தது. குத்து மூக்குக்கு முன்னால் காற்றாய்ப் போனது. "ஹொடி! ஹொடி!" அடி, அடி என்று கூட்டம் கன்னடத்தில் கத்த, என் வலது கை நேராகப் போய் இறங்கியது. ஆறு சுற்றும் முடிந்து நடுவர் என் கையைத் தூக்கினார். தூக்கியது என் கைதானா என்று நானே ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.

என் மகள் பிறந்தபோது அவள் முகத்தை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அந்த மணிகளில் ஒன்று இப்போது அவள் தொட்டிலில் தொங்குகிறது.

சந்தேகம் என்னை விட்டு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். இப்போது முதலில் என்னைச் சந்தேகப்படுகிறேன், அவ்வளவுதான். பயத்தில் இருக்கிறவர்கள் கேளுங்கள், அவர் காட்டுவார். நீங்கள் நினைத்த ஆளைத்தான் காட்டவேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. வேறு சாமி கும்பிடுகிறவன் உள்ளே வரலாமா என்று கூச்சப்பட்டுக்கொண்டு, மாரப்பன் அந்த மதில் ஓரமாக வெளியிலேயே நிற்கிறான். அவனை மனசுக்குள் துரோகி என்று நூறு தடவை சொன்னவன் நான். இதுவரை ஒரு தடவைகூட அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

மாரப்பா, உள்ளே வாப்பா. இவங்க எல்லார் முன்னாடியும் கேக்கணும்.