நைனாவின் மூக்குக் குழாய்

திருத்தணி முதியோர் இல்லத்தில் இருந்த நைனா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மூக்கில் குழாய் வைப்பதா, வேண்டாமா என்று பேச பிள்ளைகள் எங்கள் மூவரையும் டாக்டர் கூப்பிட்டார். தறியை நிறுத்திவிட்டு பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறினோம்.

"வெச்சிடுங்க சார். பட்டினி போட்டே சாவடிச்சிட்டானுங்கன்னு ஊரு பேசும்," என்றார் அண்ணன். அக்காவும் அதையே சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

நர்சம்மா மட்டும் விடவில்லை. "குழாய் ஊருக்கா, பெரியவருக்கா? அவர ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எனக்கு எரிச்சல். குடும்பப் பேச்சில் இவளுக்கு என்ன வேலை?

"சாவப்போற மனுசன்கிட்ட இதப்போய் கேப்பாங்களாம்மா?" என்று சீறினேன்.

அவள் எழுந்து போய், நைனாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து எங்கள் நடுவில் நிறுத்தினாள்.

"ஐயா, மூக்குல குழாய் வெச்சு கஞ்சி ஊத்தலாம்ன்றாங்க. உங்களுக்கு வேணுமா?"

நைனா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "வேணாம்மா. மொதல்ல இவனுங்கள வெளிய போவச் சொல்லு. கத்திகினே கீறானுங்க."

குழாய் வைக்கவில்லை. வெளியே நின்றோம். எங்களிடம் வாய் திறக்காதவர், உள்ளே அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார்.

நாங்களும் அடிக்கடி போய்ப் பார்த்தவர்கள்தான். 'சாப்பிடு நைனா' என்பதைத் தவிர, வேறொன்றும் பேசியதில்லை.