தலைவர் நின்ற இடம்

அந்தச் சந்தையில் எந்தக் கடைக்குப் போனாலும் சுவரில் ஒரு படம் இருக்கும். நடுவில் தலைவர், ஆளுக்கொரு பக்கம் பல்லைக் காட்டிக்கொண்டு கடைக்காரரும் மனைவியும். கடைத் திறப்பு விழாவன்று எடுத்தது. எடுத்தவர் ஸ்டுடியோக்கார அக்கா. ஆட்களை இழுத்து வந்து தலைவருக்குப் பக்கத்தில் நிறுத்துவது அக்காவின் அண்ணன், கட்சியின் கிளைச் செயலாளர்.

சந்தையை இடிக்கவே விடமாட்டேன் என்று மேடைக்கு மேடை முழங்கிய தலைவர், ஜெயித்த மறுவருஷமே ஆள் வைத்து இடித்தார். கடையை இழந்தவர்கள் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தார்கள்.

"அக்கா, நடுவுல நிக்கிற ஆளை மட்டும் தூக்கிடுங்க. எங்களை அப்படியே வைங்க" என்றார் தையல்காரர்.

கம்ப்யூட்டரில் ஆளைத் தூக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஆனால் அக்காவுக்கு மனசு வரவில்லை.

"நம்பினோம், ஏமாந்தோம். அதை ஏன் அழிக்கணும்? வாங்க, புதுசா எடுக்கலாம். அன்னிக்கு நின்ன மாதிரியே நில்லுங்க."

நின்றார்கள். யாரும் சொல்லாமலே நடுவில் ஓராள் அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். அக்கா வாய் தவறிக்கூட "சிரிங்க" என்று சொல்லவில்லை. தையல்காரரின் மனைவி, அந்தக் காலி இடத்தைப் பார்ப்பதா கேமராவைப் பார்ப்பதா என்று தெரியாமல் விழித்தார். அந்த விழிப்புதான் படத்தில் விழுந்தது. மைக் பிடித்துத் தொண்டை கிழியத் திட்டினாலும் அதைச் சொல்லிவிட முடியாது.

அப்படி ஒவ்வொரு கடைக்காரராக எடுத்து, ஸ்டுடியோ வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் மாட்டினார் அக்கா. கட்சிக்காரர்கள் தினமும் கடந்துபோகிற தெரு அது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அண்ணன் விழுந்தடித்து ஓடிவந்தார்.

"என் தலையில கல்லைத் தூக்கிப் போடுறியே! இன்னிக்குள்ள இதை எடுக்கலைன்னா என் பதவி போயிடும்மா."

அப்பாவுக்குப் பிறகு அக்காவை ஆளாக்கியவர் அவர். அவர் கேட்டு அக்கா இதுவரை எதையும் மறுத்ததில்லை.

"என்னால முடியாதுண்ணா. நீயே எடுத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்தார்.

அண்ணன் பெட்டியைத் திறந்து, தையல்காரர் படத்தைக் கையில் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவங்களை நான்தானே நிறுத்தினேன்" என்றார். "வரமாட்டோம்னு கூச்சப்பட்டாங்க. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

படத்தை இருந்த இடத்திலேயே மாட்டினார். பெட்டியைப் பூட்டினார். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

"என்னையும் ஒண்ணு எடு" என்று உள்ளே போனார்.

திரைக்கு முன்னால் போய், ஒரு ஓரமாக, பாதித் தோள் படத்துக்கு வெளியே போகிற மாதிரி நின்றார்.

"நடுவுல வாண்ணா."

ஓரடி நகர்ந்தார். அதற்கு மேல் கால் வரவில்லை.

"பழக்கமில்லம்மா" என்றார். "இத்தனை வருஷத்துல நான் நடுவுல நின்னதே இல்ல."

அக்கா அவரை நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே வைத்து எடுத்தார்.