கூட்டினால் ஒன்பது

திருப்பதியில் லாட்ஜ் புக்கிங் சாஃப்ட்வேர் செய்யும் அலுவலகத்தில் அவர் எங்கள் டீம் லீடர். எம்.டெக் படித்தவர். விரலில் பச்சைக்கல் மோதிரம். எந்த எண்ணைக் கண்டாலும் கூட்டிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

புரோகிராம் எழுதும் பைத்தான் மொழியில் எந்த வெர்ஷனைப் போடுவது என்று கேட்டேன்.

"மூணு புள்ளி ஆறு. கூட்டினா ஒம்பது."

"அது ரொம்பப் பழசு சார். பாதுகாப்புல ஓட்டை வந்தா இனிமே யாரும் அடைக்க மாட்டாங்க. பக்தருங்க ஆதார் எல்லாம் அதுல இருக்குது. மூணு புள்ளி பதினாலு போடலாம்."

"அது எட்டுப்பா. சனி. தெரிஞ்சிக்கினே போடுவாங்களா?"

பழசையே போட்டோம். ஊரார் ஆதாரை ஒன்பதின் காவலில் விட்ட அந்த மனிதர், பேங்க் ஆப் இருக்கும் தன் போனுக்கு மட்டும் அப்டேட் வந்த உடனே போட்டுக்கொள்வார். அந்த அப்டேட்டின் வெர்ஷன் எண்ணை அவர் கூட்டி நான் பார்த்ததே இல்லை.